பித்தக்கல்லில் தொடங்கிய தேடல்

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, நம் நண்பர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நம்முன் விரித்தார். அரிசி வாணிபம் செய்து ஓய்ந்தவர். நம்மினும் ஏழெட்டு ஆண்டு மூத்தவர். ஹாஜியார் என்றே ஊரில் யாவரும் அழைப்பர். இரண்டும் இரத்தப் பரிசோதனைத் தாள்கள். முதல் தாளில் எல்.டி.எல். என்னும் கொழுப்பின் அளவு 190 என்றிருந்தது. நான்கு மாதம் கழித்து எடுத்த தாளில் 98.

"ஹஜ்ரத், மாத்திரை தின்றேன், குறைந்துவிட்டது. நெய்யையும் ஈரலையும் விட்டுவிட்டேன். நாள்தோறும் கடற்கரைவரை நடக்கிறேன். பத்தியம் இருக்கிறவனுக்கு மருந்து எதற்கு?" என்றார்.

நாம் மருத்துவர் அல்லர். அதை மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொன்னோம். அவர் கேட்கவில்லை, தாமே நிறுத்திக்கொண்டார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம் நெஞ்சு வலியென்று அவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். இறையருளால் பிழைத்தார். அவர் படுக்கையில் இருந்த நாட்களில்தான் நாம் இப்பொருள் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். திண்ணையில் அவர் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லாமற்போனது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. படித்ததில் கண்ட வரலாறு நாம் எதிர்பார்த்ததைவிட நீண்டது, வளைவுகள் மிக்கது.

கொலஸ்ட்ரால் என்னும் பெயரிலிருந்தே தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் புல்த்தியே தெ லா சால் என்பார் மனிதப் பித்தக்கற்களிலிருந்து வெண்மையான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1815இல் அந்நாட்டு வேதியியல் அறிஞர் செவ்ரோல், அது மெழுகுமன்று, மற்றக் கொழுப்புகளைப் போன்றதுமன்று என்று கண்டு, அதற்குக் 'கொலஸ்டரின்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம். 'ஸ்டெரியோஸ்' என்றால் திண்மம். கெட்டிப்பட்ட பித்தம் என்பதே இச்சொல்லின் பொருள். அரபு மருத்துவ நூல்கள் 'ஸஃப்ரா' என்றும், நம் நாட்டு வைத்தியர்கள் பித்தம் என்றும் எழுதிவந்த அதே நீர்தான் இப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. கிரேக்கரின் 'மெலன்கோலியா'வை அரபியர் 'மாலன்கூலியா' என்று எடுத்துக்கொண்டபோது அதனுள்ளும் இந்தக் 'கோலே' புகுந்து வந்தது. பெயரிட்ட செவ்ரோல் 102 ஆண்டுகள் வாழ்ந்து 1889இல்தான் மறைந்தார் என்பதையும் இடையே சொல்லிவைக்கிறோம்.

அரபு நூல்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லவேண்டும். திமிஷ்கில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மறைந்த இப்னு நபீஸ், இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு விரிவுரை எழுதினார். இதயம் தன் அறைகளில் நிரம்பும் இரத்தத்திலிருந்து உணவு பெறுவதில்லை, தன் தசையினூடே ஓடும் குழாய்களிலிருந்தே பெறுகிறது என்பதை அவ்விரிவுரையில் அவர் எடுத்துரைத்தார். மாரடைப்பு நிகழும் இடம் அந்தக் குழாய்களே. ஆனால் அவை ஏன் அடைபடுகின்றன என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. எல்லாம் நம் முன்னோர் நூலில் உள்ளது என்று காட்டத் துடிக்கும் சில மேடைப் பேச்சாளர்களைப் போல அவர் எழுதாததை அவர் தலையில் ஏற்றுவது, அவர் செய்த உண்மையான கண்டுபிடிப்புக்குச் செய்யும் மரியாதையாகாது.

அடைப்பின் காரணம் தெரியத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். ஜெர்மனியின் அடால்ஃப் வின்டாஸ், நோயுற்ற பெருந்தமனியின் சுவரில் நல்ல தமனியில் உள்ளதைவிட இருபது மடங்குக்கும் மேலான கொலஸ்ட்ரால் படிந்திருப்பதை 1910இல் அளந்து காட்டினார். மூன்று ஆண்டு கழித்து, 1913இல், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்னும் இளம் மருத்துவர், தம் தோழர் சலாத்தோவுடன் சேர்ந்து, முயல்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்தார். சில முயல்களுக்கு வெறும் எண்ணெய் மட்டும். கொலஸ்ட்ரால் தின்ற முயல்களின் தமனிகளில் மனிதருக்கு உண்டாவது போன்ற கொழுப்புப் படிவு உண்டாயிற்று. வெறும் எண்ணெய் தின்றவை தப்பின.

இத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மற்றவர்கள் எலிகளுக்கும் நாய்களுக்கும் அதே தீனியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. முயல் புல் தின்னும் பிராணி, அதற்கு முட்டைக் கொழுப்பு ஒவ்வாததில் வியப்பென்ன என்று கேட்டு, அனிச்கோவின் ஆய்வை ஒதுக்கினார்கள். எலியும் நாயும் கொலஸ்ட்ராலை விரைந்து பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிவிடும் இயல்புடையவை என்பது பின்னரே தெளிவாயிற்று. ஓர் எலியை நம்பி உலகம் நாற்பது ஆண்டுகளை இழந்தது என்று சொன்னால் சற்று மிகையாகலாம். ஆனால் பெரிய மிகையன்று. இதே எலி இவ்வரலாற்றில் இன்னொரு முறையும் குறுக்கே வரும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் மேலுறையிலும் அது உண்டு. பித்த அமிலங்களும், வைட்டமின் 'டி'யும், பல சுரப்புநீர்களும் அதிலிருந்தே உருவாகின்றன. நம் உடலில் உள்ளதில் பெரும்பகுதி உடலே ஆக்கிக்கொள்வது. உணவிலிருந்து வருவது அதனினும் குறைவு. எண்ணெய் நீரில் கலவாதது போல் அது இரத்தத்தில் கரையாது. ஆகவே புரதத்தாலான சிறு தோணிகளில் ஏறியே அது பயணம் செய்கிறது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஜான் காஃப்மன் என்பவர், மிக விரைந்து சுழலும் பொறியைக் கொண்டு இத்தோணிகளை எடைவாரியாகப் பிரித்தார். எல்.டி.எல். என்பது கொலஸ்ட்ராலைத் திசுக்களுக்குக் கொண்டுசெல்லும் தோணி; அது மிகுந்தால் சரக்கு தமனிச் சுவரில் இறங்கிவிடுகிறது. மக்கள் அதைக் 'கெட்ட கொழுப்பு' என்பது இதனால்தான்.

1948இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் என்னும் சிற்றூரில் 5209 பேரைத் தேர்ந்து, அவர்கள் வாழ்நாளெல்லாம் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்களிடம் முன்பே காணப்பட்டது என்ன என்று குறித்துவரத் தொடங்கினார்கள். இரத்த அழுத்தம், புகைபிடித்தல், கொலஸ்ட்ரால் மிகுதி ஆகியவை இன்று குற்றவாளிகளாக நிற்பது அந்த ஊர்ப் பதிவேட்டின் சாட்சியத்தால். 1953இல் இலண்டன் நகரப் பேருந்துகளை ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ், உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் நாளெல்லாம் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டினார். நடையின் பெருமை அங்கிருந்து தொடங்குகிறது. ஆயினும் நடை எல்.டி.எல்.லைக் குறைப்பது சிறிதளவே. அதன் நன்மை வேறு பல வழிகளில் வருவது. நம் ஹாஜியாரின் கடற்கரை நடை வீணன்று. ஆனால் அவர் எண்ணியதுபோல் மாத்திரையின் வேலையை அது செய்திருக்க முடியாது.

1958இல் ஆன்சல் கீஸ் என்னும் அமெரிக்கர் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்வு வேறொரு கதவைத் திறந்தது. அவர் தேர்ந்த நாடுகளைப் பற்றியும் முறையைப் பற்றியும் இன்றளவும் பூசல் உண்டு. அதற்குள் நாம் நுழையவில்லை. ஆனால் அதில் வெளிப்பட்ட ஒரு வேறுபாடு மறுக்க இயலாதது. கிரேக்கத்தின் கிரீட் தீவினரும் கொழுப்பு மிகுதியாக உண்டார்கள்; கிழக்குப் பின்லாந்தினரும் மிகுதியாக உண்டார்கள். கிரீட் தீவினரின் கொழுப்பு ஸைத்தூன் எண்ணெய்; பின்லாந்தினரின் கொழுப்பு வெண்ணெயும் முழுப்பாலும். மாரடைப்பு முன்னவரிடம் மிக அரிது. பின்னவரிடமோ மிக மிகுதி.

கிழக்குப் பின்லாந்தின் வட கரேலியா மாகாணம் காட்டு மரம் வெட்டுவோரும் சிறு உழவரும் வாழும் பகுதி. உடலுழைப்புக்குக் குறைவில்லாத ஆண்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் சாய்ந்துகொண்டிருந்தார்கள். 1971இல் அம்மக்களின் பிரதிநிதிகள் தங்களைக் காக்கும்படி அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல் தொடங்கிய திட்டத்தைப் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் நடத்தினார். அவர் மருத்துவமனைக்குள் உட்காரவில்லை. 'மார்த்தா' என்னும் இல்லத்தரசியர் சங்கத்தை நாடினார். அப்பெண்கள் ஊர்தோறும் கூடி, பழைய இறைச்சிக் குழம்பைக் கொழுப்புக் குறைத்துக் காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். பின்னாளில் கொலஸ்ட்ராலை எந்த ஊர் அதிகம் குறைக்கிறது என்று ஊர்களுக்கிடையே போட்டி வைத்தார்கள். ரொட்டியில் தடவும் வெண்ணெயின் இடத்தைத் தாவர எண்ணெய் பிடித்தது. பால்பண்ணையாரின் எதிர்ப்புக்கு மாற்றாக, அப்பகுதியில் விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட ஊக்கமளித்தார்கள். மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. ஆண்களிடையே புகைப்பழக்கமும் இறங்கியது. ஒரு தலைமுறைக் காலத்தில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைந்துவிட்டது. ஒரு மாகாணத்தின் விதி அடுப்படியில் மாற்றி எழுதப்பட்ட இந்தச் செய்தி நம் இல்லத்துப் பெண்மணிகள் அறியவேண்டியது.

அப்படியாயின் ஹாஜியார் சொன்னது சரிதானே, பத்தியமே போதுமே என்று வாசகர் கேட்கலாம். இதற்கு விடை குழந்தைகளிடமிருந்து வந்தது.

ஆறு வயதிலும் எட்டு வயதிலும் மாரடைப்பு வரும் குழந்தைகள் உண்டு. அவர்கள் தோலிலும் தசைநாண்களிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் திரண்டிருக்கும். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் பிறரைப்போல் நான்கைந்து மடங்கு. எத்தனை கடும் பத்தியம் வைத்தாலும் அது இறங்காது. இது குடும்பத்தில் வருவது என்பதை 1938இல் நார்வேயின் கார்ல் முல்லர் எழுதினார். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கச்சதூரியன் என்பார், லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 1964இல் மரபின் கணக்கைத் தெளிவாக்கினார்: பெற்றோரில் ஒருவரிடமிருந்து குறை வந்தால் நடுவயதில் மாரடைப்பு, இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தைப் பருவத்திலேயே. அவர் லெபனானில் இத்தனை குடும்பங்களைக் காண முடிந்ததற்கு அங்கே உறவுக்குள் மண முடிக்கும் வழக்கமும் ஒரு காரணம். அவ்வழக்கம் நமக்கும் உண்டென்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு நண்பர்கள் அத்தகைய குழந்தைகளின் தோலணுக்களை வளர்த்து, 1973ஐயும் 1974ஐயும் ஒட்டி ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார்கள். நல்ல அணுவின் மேல் எல்.டி.எல். தோணியைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் கதவுகள் இருக்கின்றன. அக்குழந்தைகளின் அணுக்களில் அக்கதவுகள் இல்லை, அல்லது பழுதுபட்டிருக்கின்றன. இக்கதவுகள் மிகுதியாக இருப்பது கல்லீரலில். கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படும்போது அது கதவுகளை மிகுதியாக்குகிறது. உள்ளே போதிய அளவு இருந்தால் குறைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் எல்.டி.எல். மிகுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்தக் கதவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவ்விருவருக்கும் 1985இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹாஜியாரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றியது. நெய்யிலும் வெண்ணெயிலும் தேங்காயிலும் உள்ள உறைகொழுப்பு இக்கதவுகளைக் குறைக்கிறது. அதை விட்டால் கதவுகள் கூடுகின்றன. மாத்திரையும் அதே கதவுகளைத்தான் கூட்டுகிறது. பத்தியமும் மருந்தும் எதிரெதிர் வழிகள் என்று எண்ணியிருந்தோம். இரண்டும் ஒரே வாசலில் வந்து சேர்கின்றன. பத்தியம் எத்தனை கதவைத் திறக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பிறப்பிலேயே கதவு குறைந்தவருக்கு அது மட்டும் போதாது.

மாத்திரையின் வரலாறோ மிகவும் இடறுபட்டது. 1955இல் கனடாவில் அல்ட்சூல் என்பாரும் அவருடைய தோழர்களும் நியாசின் என்னும் வைட்டமினைப் பேரளவில் கொடுத்தால் கொலஸ்ட்ரால் குறையும் என்று கண்டார்கள். அதனால் முகமும் உடலும் சிவந்து எரிந்ததால் பலர் கைவிட்டார்கள். 1960இல் டிரைபரனால் என்னும் மருந்து அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அது உடல் கொலஸ்ட்ராலை ஆக்கும் நீண்ட வரிசையின் கடைசிப் படியைத் தடுத்தது. தடுத்த இடத்தில் முடிவுறாத வேறொரு பொருள் இரத்தத்தில் தேங்கியது. உட்கொண்டவர்களில் சிலருக்கு முடி கொட்டியது. கண்ணில் புரை விழுந்தது. விலங்குச் சோதனையில் இக்கேடுகள் முன்பே தெரிந்திருந்தும் அரசிடம் அவை மறைக்கப்பட்டன என்பது வெளிப்பட்டு, 1962இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உற்பத்தியாளருக்கு நீதிமன்றம் தண்டமும் விதித்தது. 1978இல் குளோஃபைப்ரேட் என்னும் மருந்தின் பெரிய ஆய்வு வெளிவந்தபோது இன்னோர் அதிர்ச்சி: மாரடைப்பு குறைந்தது, ஆனால் மொத்தச் சாவு கூடியிருந்தது. எண் இறங்கினால் ஆயுள் கூடுமா என்று மருத்துவர்களே ஐயுற்றதில் நியாயம் இருந்தது. இன்று மாத்திரைக்கு அஞ்சுவோரை அறிவிலிகள் என்று இகழ்பவர் இந்தப் பழைய கணக்கை அறியாதவர்.

அக்காலத்தில் ஓரளவு வென்றது கொலெஸ்டிரமின் என்னும் தூள். அது குடலில் பித்த அமிலத்தைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். இழந்த பித்தத்தை ஈடுசெய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். ஆகவே அது கதவுகளை மிகுதியாக்கும். பித்தத்தின் பெயரால் அழைக்கப்பட்ட பொருளைப் பித்தத்தின் வழியாகவே குறைத்தார்கள். 3806 ஆடவரிடம் ஏழாண்டுக்கு மேல் நடந்த சோதனை 1984இல் முடிவு சொன்னது: மாரடைப்பும் அதனாலான சாவும் நூற்றுக்கு 19 குறைந்தன. ஆனால் மணலைக் கரைத்தது போன்ற அந்தத் தூளை நாள்தோறும் குடிப்பது பலருக்குப் பெரும்பாடாக இருந்தது.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். அகிரா எண்டோ 1933இல் அந்நாட்டின் வடபகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். காளான்களிலும் பூஞ்சணங்களிலும் சிறுவயதிலிருந்தே ஈடுபாடு. பூஞ்சணத்திலிருந்து பெனிசிலினைக் கண்ட ஃபிளெமிங் அவருக்கு வழிகாட்டி. 1966 முதல் இரண்டாண்டு நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தபோது, அங்கே முதியோர் பலர் இதயநோயால் சாய்வதைக் கண்டார். ஊர் திரும்பிய பின் 1971இல் டோக்கியோவின் ஒரு மருந்து நிறுவனத்தில் தேடலைத் தொடங்கினார். உடல் கொலஸ்ட்ராலை ஆக்கும் வரிசையின் தொடக்கத்திலுள்ள ஒரு நொதியைத் தடுக்கும் பொருள் ஏதேனும் ஒரு நுண்ணுயிரிடம் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஊகம். தொடக்கத்திலேயே தடுத்தால் டிரைபரனாலைப்போல் முடிவுறாத பொருள் தேங்குவதில்லை என்பதை வாசகர் கவனித்தால் நன்று. ஈராண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சணங்களையும் நுண்ணுயிர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1973இல் கிடைத்தது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம்தான் அது. கெட்ட அரிசி என்று நாம் தூக்கி எறிவதில் கிடைத்தது உலகத்தின் முதல் ஸ்டாட்டின்.

மறுபடியும் எலி குறுக்கே வந்தது. எலிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. திட்டத்தை மூடும் நிலை வந்தது. அந்நேரத்தில் எண்டோவுடன் பணிபுரிந்த ஒருவர் வேறோர் ஆய்வுக்காக முட்டைக்கோழிகளை வளர்த்து, அவற்றை அழிக்க இருந்தார். முட்டையிடும் கோழியின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுதியாக இருக்கவேண்டுமே என்று எண்டோவுக்குத் தோன்றியது. கோழிகளை வாங்கி மருந்து கலந்த தீனி கொடுத்தார். ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1978இல் ஒசாகாவில் யமமோட்டோ என்னும் மருத்துவர், பிறப்பிலேயே கதவுகள் பழுதுபட்ட 18 வயதுப் பெண் ஒருத்திக்கு முதன்முதல் அம்மருந்தைக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் இறங்கியது, ஆனால் தசைகள் தளர்ந்தன. நிறுத்தி, அளவைக் குறைத்து, பிற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்துத் தொடர்ந்தார். 1980இல் நாய்களுக்கு மிகப் பேரளவில் கொடுத்த சோதனையில் புற்று போன்றது தென்பட்டது என்று நிறுவனமே ஆய்வை நிறுத்திவிட்டது. இதற்கிடையே அமெரிக்க நிறுவனம் ஒன்று மற்றொரு பூஞ்சணத்திலிருந்து இதன் உடன்பிறப்பான லோவாஸ்டாட்டினை எடுத்திருந்தது. ஜப்பானியச் செய்தி கேட்டு அவர்களும் நிறுத்தினார்கள். பின் விரிவாகச் சோதித்து, அச்சத்துக்கு இடமில்லை என்று தெளிந்து தொடர்ந்தார்கள். 1987இல் அது விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் ஆயிற்று. எண்டோ கண்ட மருந்து கடைக்கு வரவேயில்லை. நோபல் பரிசும் அவருக்குக் கிட்டவில்லை. 2024 ஜூன் மாதம் தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

சீனர் நெடுங்காலமாக ஒரு வகைச் சிவப்புப் பூஞ்சணத்தைச் சோற்றில் வளர்த்து உண்டு வருகின்றனர். லோவாஸ்டாட்டினும் அந்தவகைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து 1979இல் எண்டோ எடுத்த பொருளும் ஒன்றே. இன்று அதைப் பொடியாக்கி 'இயற்கை மருந்து' என்று விற்கிறார்கள். இயற்கைதான், ஆனால் அளவு தெரியாத ஸ்டாட்டின். நம் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எண் இறங்கினால் ஆயுள் கூடுமா என்ற பழைய கேள்விக்கு 1994 நவம்பரில் விடை வந்தது. பின்லாந்து உள்ளிட்ட ஐந்து வடநாடுகளில், முன்பே இதயநோய் கண்ட 4444 பேரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்குச் சிம்வாஸ்டாட்டினும் மற்றொரு சாராருக்கு வெறுமாத்திரையும், யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாதபடி, ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்து வந்தார்கள். வெறுமாத்திரை உண்டோரில் 256 பேர் இறந்தனர். மருந்து உண்டோரில் 182 பேர். வெறும் எண்ணை விட்டு மனிதரை எண்ணியதால்தான் நாற்பதாண்டு வழக்கு தீர்ந்தது. நோயே வராதவர்களிடமும் நன்மையுண்டு என்பதை மறுஆண்டு ஸ்காட்லாந்தில் 6595 ஆடவரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. செரிவாஸ்டாட்டின் என்னும் ஒரு வகை, தசையைச் சிதைத்து உயிர்களையும் குடித்ததால் 2001இல் திரும்பப் பெறப்பட்டது. மற்ற ஸ்டாட்டின்களால் சிலருக்குத் தசைவலி உண்டாகிறது. நீரிழிவின் விளிம்பில் நிற்போர் சிலர் அதனுள் விழுகின்றனர். ஆயினும் மாத்திரை உண்டோரையும் வெறுமாத்திரை உண்டோரையும் ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த பெருந்தொகுப்பில், தசைவலி என்று சொன்னோரில் பெரும்பாலோரின் வலிக்கு மருந்து காரணமன்று எனத் தெரிந்தது. வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லி, வகையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். ஸ்டாட்டின் போதாதவருக்கும் ஒவ்வாதவருக்கும் வேறு வழிகள் வந்துவிட்டன. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெடிமைப் 2002 முதல் உண்டு. கல்லீரலின் கதவுகளை அழிக்கும் ஒரு புரதத்தைப் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்து 2003இல் கண்டார்கள். பிறப்பிலேயே அப்புரதம் குன்றியவர்களுக்கு இதயநோய் மிக அரிது என்று டல்லாஸிலிருந்து 2006இல் செய்தி வந்தது. அதைத் தடுக்கும் ஊசிகள் 2015 முதல் வழங்கப்படுகின்றன. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆண்டுக்கு இருமுறை போட்டால் போதும் என்னும் ஊசியும் இப்போது உண்டு. விலைதான் எளியவர் தாங்குவதற்கில்லை. எல்லாம் அதே வாசலுக்குத்தான் வருகின்றன.

அடுப்படிக்கும் ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. கனடாவின் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் 46 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு லோவாஸ்டாட்டினும், இன்னொரு குழுவுக்கு வாற்கோதுமை, ஓட்ஸ், சோயா, பாதாம், வெண்டைக்காய், கத்திரிக்காய், தாவர ஸ்டெரால் சேர்த்த கொழுப்பு ஆகியவையும் கொடுத்தார். ஒரு மாதத்தில் மருந்து எல்.டி.எல்.லை நூற்றுக்கு 30.9 குறைத்தது, உணவு 28.6. வாற்கோதுமையிலும் வெண்டையிலும் உள்ள வழவழப்பான நார்ப்பொருள் கொலெஸ்டிரமின் தூளைப்போலவே பித்த அமிலத்தைப் பற்றி வெளியேற்றுகிறது. ஆனால் அம்மாதம் முழுதும் ஆராய்ச்சியாளரே உணவை அளந்து கொடுத்தார்கள். 2011இல் மக்களைத் தங்கள் வீட்டிலேயே தாங்களே சமைத்து உண்ணவிட்டபோது ஆறு மாதத்தில் கிடைத்தது நூற்றுக்குப் பதின்மூன்றுதான். மனித இயல்பு அத்தகையது. நம் விருந்தில் தால்ச்சாவும் கத்திரிக்காயும் பிரியாணியின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன; அவற்றின் அளவைக் கூட்டிச் சோற்றின் நெய்யைக் குறைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நெய்க்குப் பதிலாகப் பல ஆண்டுகள் நம் விருந்துகளில் வழிந்த டால்டாவின் கதை வேறு. எண்ணெயை உறையச் செய்யும் முறையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றி நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லை இறக்குகிறது என்று நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் இருவரும் 1990இல் காட்டினார்கள். டென்மார்க் 2003இல் அதற்குச் சட்டத்தால் எல்லை கட்டியது. நம் நாட்டில் எண்ணெயிலும் கொழுப்பிலும் நூற்றுக்கு 2க்கு மேல் அது இருக்கக் கூடாது என்னும் விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நெய் தீது என்று அஞ்சி டால்டாவுக்கு மாறிய குடும்பங்களை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஹாஜியார் எழுந்து நடமாடத் தொடங்கிய பின் பகுதி பகுதியாகச் சொன்னோம். நான்கு மாதத்தில் 98 ஆனது மாத்திரை திறந்துவைத்த கதவுகளால். அதை நிறுத்தியதும் கதவுகள் பழையபடி குறைந்திருக்கும் என்றோம். அரிசி வாணிபர் ஆதலால் கியோட்டோவின் கடையரிசி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு திடீரென்று மௌனமானார். தம் தம்பி 46 வயதில் தூக்கத்திலேயே இறந்ததையும், தகப்பனார் ஐம்பதைக் காணாததையும் சொன்னார். அதுவரை அவற்றை அவர் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததில்லை.

வளைகுடாவில் பணிபுரியும் மகனை உடனே இரத்தம் பார்க்கச் சொன்னார். 28 வயது, நோய்நொடி இல்லாத பிள்ளை. எல்.டி.எல். 204 என்று வந்தது. "எனக்கு ஒரு வலியும் இல்லையே வாப்பா, மாத்திரை எதற்கு?" என்று அவன் தொலைபேசியில் கேட்டானாம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹாஜியார் நம்மைத் தனியே அழைத்தார். மகனுக்குத் தம் தங்கை மகளையே பேசி வைத்திருக்கிறார்கள். ரபீயுல் அவ்வலில் நிகாஹ். "தங்கைக்கும் அவள் மகளுக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது ஹஜ்ரத்? பெண்ணைக் குறை சொல்வதாக எண்ணிவிட்டால்?" என்றார். உங்கள் தாளையும் உங்கள் மகன் தாளையும் முதலில் தங்கையிடம் காட்டுங்கள், தகப்பனாரைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் சொல்லுங்கள், அதன்பின் கேளுங்கள் என்றோம். மறுநாள் காலை முதல் பேருந்தில் அவர் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். தாள்களைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார்.